ஒரு ‘ஆம்’ குறைகிறது

இலந்தைக்குளம், மூன்றாம் மாடி, இரவு பதினொன்றரை.
சர்வரிடம் இல்லாத பக்கம் ஒன்றைக் கேட்டேன்.
ஓட்டலில் போய்க் கேட்டால்
“தவலை வடையா? இல்லைங்க” என்பார்களே,
அதே பணிவு:
நீங்கள் கேட்ட தவலைவடை இங்கே இல்லை.
நானூற்று நான்கு.

அடுத்து, இரண்டு கூர்முனைக் குறிகளுக்குள்
ஒரு கட்டளையை வைத்துக் கேட்டேன்.
அதையும் திருப்பிச் சொன்னது.
சொல்லவில்லை,
செய்தது.
திரையில் சின்னதாய் ஒரு பெட்டி குதித்தது.
உள்ளே நான் வைத்த என் பெயர், துளசிபாய்.

பிழைச்சீட்டு எழுதினேன். தீவிரம்: அதிகம்.
யாரோ அனுப்பும் ஒரு சுட்டி போதும், தொட்டவர்
உள்நுழைந்த சாவி அடுத்தவன் கைக்குப் போகும் என்றேன்.
ஜெபசிங் சார் சிரித்தார்.
“பிழை காட்டுற பக்கத்துல பிழையாம்மா?
அங்க யாரு போறா? நடுத்தரம்னு போடு.”
போட்டேன்.
ஒரு பால் சங்கத்தில், ஓர் ஆஸ்பத்திரியில்,
வாடகைப் பந்தல் கணக்கு எழுதும் கடையில்
ஓடிக்கொண்டிருக்கிறது அந்த மென்பொருள்,
நடுத்தரமாக.

மாட்டுத்தாவணி. ஒத்தக்கடைக்கு இனி விடிந்துதான் வண்டி.
மல்லிகை மூட்டைகளின் மேல் ஈரச் சாக்கு.
அறிவிப்பறைச் சன்னலில் கைகள்
துண்டுச்சீட்டு நீட்டுகின்றன.
உள்ளே சவரிமுத்து, காலுடைந்த கண்ணாடியை நூலால் கட்டி
வந்ததை வந்தபடி வாசிக்கிறார்.
“பரமக்குடியிலிருந்து வந்த பாக்கியம்,
உங்கள் தம்பி கடிகாரத்தின் கீழ் நிற்கிறார்.”
“பச்சைப் பை தவறவிட்டவர்…”
ஒன்று பத்துக்கு ஒரு சீட்டு:
“ராஜபாளையம் வண்டி ஐந்தாம் நடைமேடைக்கு மாறிவிட்டது.
உடனே புறப்படுகிறது.”

நாற்பது பேர் ஓடினார்கள்,
தூங்கும் பிள்ளையைத் தோளில் தூக்கி,
ஒற்றைச் செருப்போடு,
சாமானை அப்புறம் பார்க்கலாம் என்று.
ஐந்தில் ஒரு நாய் படுத்திருந்தது.
திரும்பி வந்தால்
மூன்றில் இரண்டு மூட்டைகளைக் காணோம்.

எல்லாரும் தட்டியது சவரிமுத்துவின் சன்னலை.
“நானா சொன்னேன்? எழுதியிருந்தத வாசிச்சேன்.”
வாஸ்தவம். ஆனால் கால்கள் ஓடியது
அந்தக் குரலுக்கு.
சீட்டு எழுதினவன் தானே கத்தியிருந்தால்
நாய்கூடத் திரும்பியிருக்காது.

பித்தளைப் பாத்திர மூட்டை போன அம்மாள்
அழவில்லை, வைதாள்:
“மாறிருச்சுன்னு சொன்னியேய்யா.
மாறிருச்சாம்னு சொல்லியிருந்தா
ஒரு எட்டு பாத்துட்டு வந்திருப்பேன்ல.”

பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்தேன்.
அந்தச் சர்வரில் குறைவது அதுதான்.
கேட்டவன் சொல்லைத் தன் சொல்லாக்கிக்கொள்கிறது,
நடுவில் ஓர் ‘ஆம்’ போடத் தெரியவில்லை.
கூர்முனை வந்தால் கூர்முனையாகப் போடாதே,
அதன் பெயரை எழுது.
நெருப்பென்று எழுதினால் தாள் எரிகிறதா?
எழுத்தாகக் கிடக்கட்டும்,
ஏவலாக எழ வேண்டாம்.

ஒரே ஒரு வரி. மாற்றிவிட்டுச் சோதித்தேன்.
பெட்டி குதிக்கவில்லை.
இரண்டு முனைகளுக்கு நடுவே என் பெயர்
வாய்க்கூடை கட்டிய மாடு போல் நின்றது.
நடுத்தரத்தை அழித்தேன். அதிகம் என்று போட்டேன்.
கீழே, கைபேசி வெளிச்சத்தில் கொசு.

இரண்டரைக்கு ஒலிபெருக்கி செருமியது.
“திருநெல்வேலி வண்டி…”
நின்றது. தாளைத் திருப்பிப் பார்க்கும் சத்தம்.
“…ரெண்டாம் நடைமேடையில நிக்குதாம்.”

யாரும் ஓடவில்லை.
தலைப்பாகைக்காரர் ஒருவர் மட்டும் எழுந்து போய்
பார்த்துவிட்டு வந்தார்.
“நிக்குது” என்றார்.